கடற்கரையில் வீடு கட்டப் போகிறீர்களா, முதலில் ஜன்னலை எண்ணுங்கள்

எங்கள் வீட்டு மர வேலைக்கு ஆசாரி அண்ணன் போட்ட முதல் கணக்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தாளில் இல்லை, கையகலப் பிளைவுட் துண்டில். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வாசக்கால், கதவு, ஜன்னல் என்று வரிசையாக எழுதிக் கூட்டினார். 37 கன அடி வந்தது. "இது வெறும் மரந்தாம்மா. கூலி, கீலு, தாப்பா எல்லாம் தனி" என்றார். அன்று ராத்திரி கத்தாரில் இருக்கும் வீட்டுக்காரரிடம் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

கடைசியில் அதே வீட்டை 13 கன அடிக்குள் முடித்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு வடக்கே, வடகடல் (பாக் நீரிணை) பக்கம், 720 சதுர அடி. ஒரு ஹால், இரண்டு அறை, அடுப்படி, குளியலறை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு நான்தான் நின்று கட்டினேன். அப்போதிருந்து ஊரில் யார் மனை வாங்கினாலும் "அக்கா, நீங்க எப்படிச் செஞ்சீங்க" என்று வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

மரத்துக்கு வருவதற்கு முன்னால் கடலுக்கும் காகிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த வரிசையை மாற்றியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கடல் எங்கே முடிகிறது

என் சித்தி மகன் மனையில் நின்று, தண்ணீர் ஓரத்திலிருந்து டேப் பிடித்து அளந்தான். 230 மீட்டர் வந்தது. 200 மீட்டர்தானே விட வேண்டும் என்று வானம் தோண்டி, பேஸ்மட்டம் வரை ஏற்றிவிட்டான். அப்புறம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இன்றைக்கு அந்தப் பேஸ்மட்டத்தில் ஆடு கட்டியிருக்கிறார்கள்.

அவன் செய்த தப்பு, தண்ணீரிலிருந்து அளந்தது. வடகடலில் வத்தம் அடித்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்வாங்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி கணக்கில் எடுப்பது உயர் அலைக் கோட்டை. அது வரைபடத்தில் குறிக்கப்பட்ட கோடு. அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை மண்டலம். கழி, ஓடை என்று அலையேற்றம் உள்ளே வரும் இடங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. கடல் கண்ணில் படாத மனைகூடச் சில நேரம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

2011 அறிவிக்கைப்படி ஊர்ப்புறங்களில் முதல் 200 மீட்டர் கட்டடம் கூடாத பகுதி. பரம்பரையாகக் கடலை நம்பி வாழும் மக்களின் குடியிருப்புக்கு மட்டும் 100 மீட்டருக்கும் 200க்கும் இடையில் வழி விட்டிருந்தார்கள். 2019 அறிவிக்கை அதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்த ஊர் என்றால் 50 மீட்டர், அதற்குக் கீழே என்றால் பழையபடி 200. இதைப் படித்துவிட்டு "நம்ம ஊரு நெருக்கமான ஊருதானே, 50தான்" என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்க வேண்டிய இடம் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமம். அதற்கு ஆட்சியர்தான் தலைவர். வாயால் சொன்ன பதில் நோட்டீஸ் வரும் நாளில் துணைக்கு வராது.

எங்கள் மனை கோட்டிலிருந்து 600 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. கடல் தெரியாத மனை என்று அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

காகிதம்

அம்மா பெயரில் 11 சென்ட் நத்தம். எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5½ சென்ட் என்றால் 2,396 சதுர அடி வருகிறது. இந்தக் கணக்கு எதற்கு என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் மனை 2,500 சதுர அடிக்குள், கட்டும் பரப்பு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ ஒரு மாடியோ இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பித்து அனுமதி எடுத்துக்கொள்ளலாம். கள ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்று கேட்க மாட்டார்கள். தம்பி "அக்கா, உனக்கு ஆறு சென்டா எடுத்துக்க" என்றான். ஆறு எடுத்திருந்தால் 2,614 சதுர அடி ஆகி இந்தச் சலுகையை விட்டு வெளியே போயிருப்பேன். பாசத்திலும் கால்குலேட்டரை ஒரு தடவை தட்டிப் பார்ப்பது நல்லது.

சுயசான்று என்றால் சொன்னதற்கெல்லாம் நாமே பொறுப்பு. தப்பான தகவல் கொடுத்தால் அனுமதி போய்விடும். எனவே முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம், அப்புறம் உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று. இவை கையில் வந்த பிறகுதான் வரைபடம் போட ஆள் பார்க்க வேண்டும். லேஅவுட் மனை வாங்குகிறவர்கள் அது அங்கீகாரம் பெற்றதா, இல்லாவிட்டால் அரசின் வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தப்பட்டதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. 2016 அக்டோபர் 20க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனைக்கு அந்த வரன்முறைத் திட்டம் பொருந்தாது. "சீக்கிரம் ரெகுலரைஸ் ஆயிரும்" என்று சொல்லி விற்கும் தரகரிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

எனக்கு இதில் மூன்று வாரம் வீணானது. வரைபடம் போட்ட இடத்தில் எங்கள் புது உட்பிரிவு எண்ணுக்குப் பதில் தம்பியுடைய எண்ணை எழுதிவிட்டார்கள். நானும் அறை அளவு, அடுப்படி அளவு, அலமாரி எங்கே என்றெல்லாம் உன்னிப்பாகப் பார்த்தேனே தவிர, மேல் மூலையில் இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. பட்டாவை ஒரு கையிலும் வரைபடத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எண்ணுக்கு எண் உரக்கப் படித்து ஒப்பிடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளை இருந்தால் அதைப் படிக்கச் சொல்லி நீங்கள் சரிபாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் இரண்டு சங்கதி. ராமேசுவரம் ரயில் பாதை ஓரம் மனை இருந்தால், ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்ட அவர்களிடம் தடையின்மைச் சான்று வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் விமான தளம், ஐ.என்.எஸ். பருந்து, இருக்கிறது. அதன் அருகில் மாடி எழுப்ப நினைப்பவர்கள் உயரத்துக்கு அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காசு போதாதவர்கள் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தைப் பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள். குடிசையில் இருப்பவர்களுக்கு 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். பேங்க் கடன் என்றால் அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் பேச்சே எடுக்க முடியாது, பணமும் பேஸ்மட்டம், லிண்டல், கான்கிரீட் என்று தவணையாகத்தான் வரும். மர வேலை கடைசியில் வருவதால், பெரும்பாலான வீடுகளில் மரத்தின் முறை வரும்போது பை காலியாக இருக்கும். நான் அதனால்தான் மரத்துக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்தேன்.

மரம் ஏன் இந்த விலை

"பர்மா தேக்கு" என்ற பெயர் இன்னும் எல்லார் வாயிலும் இருக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது கடையில் தேக்கு என்று நிற்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்கத் தோட்டங்களிலிருந்தும் வருவது. டாலர் ஏறினால் ஏறும், கப்பல் கூலி ஏறினால் ஏறும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, செங்கோட்டைப் பக்கம் அறுவை மில்லில் அறுபட்டு, லாரியேறி நம்மிடம் வர வேண்டும். இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சிமெண்டுக்கு 2025 செப்டம்பரில் 28லிருந்து 18 ஆகக் குறைந்தபோது ஊரே பேசியது. ஆனால் அதற்குள் என் வீட்டுக்குச் சிமெண்ட் எல்லாம் வாங்கி முடித்திருந்தேன், என் ராசி அப்படி.

விலையை நம்மால் குறைக்க முடியாது. கன அடியைக் குறைக்கலாம். அதற்குக் கன அடி போடத் தெரிய வேண்டும். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. ஏழடி உயரம், நாலடி அகலத்தில் ஒரு தலைவாசல் நிலை, 5க்கு 4 அங்குலச் சட்டம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 14 அடி, மேலும் கீழும் 8 அடி, மொத்தம் 22 அடி. 22 × 5 × 4 ÷ 144. மூன்று கன அடிக்குக் கொஞ்சம் மேல்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகு ஆசாரி அண்ணனின் பிளைவுட் துண்டை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்றுக்கு, 4க்கு 3 சட்டத்தில், நடுச்சட்டமும் சேர்த்து 20 அடி ஓடுகிறது. 1.67 கன அடி. அதற்குக் கதவு சுமார் ஒன்று. ஆக ஒரு ஜன்னல் 2.67. எங்கள் வரைபடத்தில் ஏழு ஜன்னல். பெருக்கினால் 18.7. மொத்த மரத்தில் சரிபாதி! நான் அதுவரை தலைவாசல் கதவைத்தான் பெரிய செலவு என்று நினைத்து, அதில் பூ வேண்டாம், கொடி வேண்டாம் என்று குறைத்துக்கொண்டிருந்தேன். தலைவாசல் கதவும் நிலையும் சேர்ந்து ஆறு கன அடிதான்.

மறுநாள் பிளைவுட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் புதுக் கணக்கு எழுதச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பென்சிலை வைத்துத் தலையைச் சொறிந்தார். "ஜன்னல எடுத்துட்டா எனக்கு என்னம்மா வேலை இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தலைவாசலைப் பழைய மரத்தில் இழைத்துச் செய்யும் வேலையை முழுக்க அவருக்கே தருவதாகச் சொன்னேன். அது அவருக்கும் பிடித்திருந்தது.

எங்கே மரம், எங்கே வேண்டாம்

கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டுகிறவர்கள் மரம் விலை என்றதும் இரும்புக்குப் போகிறார்கள். மதுரையில் அது சரி. நம் கடற்கரையில் ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று, வைகாசி ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, இரண்டும் உப்பைக் கொண்டுவந்து அப்பும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ரெடிமேட் இரும்புக் கதவு போட்டார்கள். மூன்றாவது வருடம் அடிப்பக்கம் பொரிந்து, விரலால் தட்டினால் செதில் செதிலாக விழுந்தது. இரும்பைவிட மரம் உப்பைத் தாங்கும். கடலில் நூறு வருடமாக வள்ளம் ஓடியது மரத்தில்தானே.

ஆகவே எங்கள் வீட்டில் இப்படிப் பிரித்தோம். தலைவாசல் நிலையும் கதவும் பழைய தேக்கு. பின்வாசல் நிலை, கதவு, இரண்டு அறை நிலைகள் வேம்பு. குளியலறைக்குக் கல் நிலை, பி.வி.சி. கதவு. அடுப்படியில் புகை போக சிமெண்ட் ஜாலி. ஜன்னல் ஏழும் யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் சட்டம்.

யுபிவிசி ஜன்னலில் மூன்று விஷயம் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் வகை வேண்டாம், கச்சான் அடிக்கும் மாதங்களில் தடத்தில் மணல் ஏறி இறுகிவிடும். கதவு போலத் திறக்கும் வகை வாங்குங்கள். சட்டத்துக்குள்ளே வலுவுக்கு இரும்பு வைப்பார்கள், அது துத்தநாகம் பூசியதா என்று வெட்டிய முனையில் பாருங்கள். திருகாணியும் கீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் என்று காட்டுவார்கள். உப்புக்காற்றுக்கு 316 நல்லது, கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கொசு வலை ஃபைபராக இருக்கட்டும். திருட்டுப் பயத்துக்குக் கம்பி கிரில் வேண்டுமென்றால் வெட்டிப் பற்றவைத்து முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். முக்கி எடுத்த பின் வெட்டினால் அந்த முனையிலிருந்தே துரு தொடங்கும்.

தலைவாசல் மரத்துக்குக் காரைக்குடி போனோம். செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் நிலை, தூண், உத்தரம் எல்லாம் அங்கே கடைகளில் அடுக்கியிருக்கும். பழைய மரத்தில் நல்லது என்னவென்றால், திருகுகிற திருகலை எல்லாம் அது ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்பே திருகி முடித்திருக்கும். செதுக்கல் வேலை உள்ளதைத் தொடாதீர்கள், அதற்கு வெளியூர்க்காரர்கள் சொல்லும் விலை தனி. நாங்கள் எடுத்தது சாதாரண உத்தரக் கட்டை. ஆசாரி அண்ணன் கூடவே வந்து, ஒவ்வொரு கட்டையிலும் உளி முனையால் குத்திப் பார்த்தார். நல்ல இடத்தில் டக் என்று நிற்கும், உளுத்த இடத்தில் சத்தமில்லாமல் இறங்கும். பழைய ஆணி உள்ளே இருந்தால் அறுவை மில்லில் பிளேடு போய்விடும், அந்தக் கூலியையும் நம் தலையில் கட்டுவார்கள். காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தம் போதும்.

வேம்பை ஊரிலேயே மரமாக வாங்கினேன். ஒரு கன அடி நல்ல தேக்குக்குக் கொடுக்கும் காசில் நாலு கன அடி வேம்பு வாங்கலாம், கரையானும் சுலபத்தில் அண்டாது. உருட்டுக்கட்டையைக் கால் சுற்றளவுக் கணக்கில் அளப்பார்கள். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பது. 48 அங்குலச் சுற்று, எட்டடி நீளக் கட்டை 8 கன அடி. உண்மையில் உருண்டைக்குக் கணக்குப் போட்டால் பத்துக்கு மேல் வரும். அறுப்பில் போகும் கழிவுக்காக அந்த இரண்டை விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனாலும் எட்டும் பலகையாகக் கைக்கு வராது. மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெளிறு முழுக்கப் போக வேண்டும். விற்கிறவர் வெளிற்றோடு சேர்த்து அறுத்து, கருப்பாக வார்னிஷ் தேய்த்துக் காட்டினால் உள்ளே இருக்கும் வைரமரம் போலவே இருக்கும். குறுக்கு முனையைப் பாருங்கள், அங்கே நிறம் மாறும் கோடு தெரியும்.

வேம்பை வெட்டியதும் அறுக்கவில்லை. கண்மாய்த் தண்ணீரில் இரண்டு மாதம் ஊறப் போட்டு, எடுத்து நிழலில் ஆற விட்டோம். மரத்தின் இனிப்புச் சாறு தண்ணீரில் இறங்கிவிட்டால் வண்டு விழாது என்பது ஆசாரி அண்ணனின் கணக்கு. வீட்டு வேலை தொடங்கும் முன்னாலேயே மரம் வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

அப்பத்தாவின் பழைய ஓலை வீட்டைப் பிரித்தபோது 11 பனஞ்சட்டம் கல் மாதிரி கிடைத்தது. அதை வைத்து அடுப்படிக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு இறக்கிவிட்டோம். வயதேறிய பனையின் வெளிவைரம் உப்புக்கு அசையாது. பழைய பனஞ்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். புதிதாகப் பனை வெட்டலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது நம் மாநில மரம், வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். கண்மாயில் நிற்கும் கருவேலத்துக்கும் ஆசைப்படாதீர்கள், அது ஏலத்தில் போகும் அரசு மரம்.

நான் ஏமாந்த இடம்

அறைக் கதவு இரண்டுக்கும் பலகை வாங்கியதில் மாட்டிக்கொண்டேன். வெளியூரில் ஒரு மரக்கடையில் ஆப்பிரிக்கத் தேக்கு என்று காட்டினார்கள். "பில்லு வேண்டாம்னா குறைச்சுப் போட்டுத் தர்றேன்மா" என்றார் கடைக்காரர். 18 சதவீதம் மிச்சம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆவணியில் பால் காய்ச்சினோம், கதவு பட்டாக இருந்தது. கார்த்திகை மழையில் இரண்டு கதவும் முறுக்கிக்கொண்டன. மேல் மூலை நிலையில் உட்கார்ந்தால் கீழ் மூலை ஒரு விரல் வெளியே நிற்கும். காயாத மரம். கடைக்குப் போனால், எங்கள் கடையில் வாங்கியதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? மிச்சப்படுத்திய 18 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஃபிளஷ் டோர் வாங்கிப் போட்டேன். முறுக்கிய பலகை இப்போது அலமாரித் தட்டாக இருக்கிறது, அதிலும் சோற்றுச் சட்டி நேராக நிற்காது.

மரம் காய்ந்ததா என்று பார்க்க, ஒரே அளவுள்ள இரண்டு பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஈர மரம் கனக்கும். விரல் முட்டியால் தட்டினால் காய்ந்த மரம் கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று. புதிதாக இழைத்த சுருளைக் கையில் கசக்கினால் காய்ந்தது நொறுங்கும், ஈரமானது வளையும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆசாரி அண்ணனை அன்றைக்குக் கூட்டிப் போகாததுதான் முழுத் தப்பு. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கப் பார்த்து, இரண்டு கதவுக் காசு போனது.

நிலை வைக்கும்போது

நிலையில் சுவரை ஒட்டும் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அங்கே யாரும் எதுவும் பூசுவதில்லை. கரையான் வருவதே அந்த வழியாகத்தான். வள்ளத்துக்கு அடிக்கிற முந்திரித் தோல் எண்ணெயை வாங்கி, அந்தப் பக்கம் இரண்டு பூச்சு கொடுத்தோம். கை பட்டால் வெந்துவிடும், உறை போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். வெளிவாசல்களுக்கு அடிச்சட்டத்தை மரத்தில் வைக்காமல் கருங்கல்லில் வைப்பது உத்தமம். தண்ணீர் தெளித்துக் கழுவும் இடம், அங்கேதான் மரம் முதலில் இற்றுப்போகும். நாங்கள் சாங்கியத்துக்காகத் தலைவாசலில் மட்டும் மரம் வைத்து, மேலே பித்தளைத் தகடு அடித்தோம்.

கொத்தனார் நிலையை நிறுத்திவிட்டுப் போன பிறகு தூக்குக்குண்டு போட்டு நீங்களே ஒரு தடவை பாருங்கள். கொத்தனார் கோபிப்பார். பரவாயில்லை, டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டலாம். கதவு மாட்டிய பிறகு ஆசாரியும் கொத்தனாரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவதைவிட அது மேல்.

ஆசாரி கிடைக்கும் காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்கள் ஊரில் இருப்பார்கள், சித்தாள் வேலைக்குக்கூட ஆள் கிடைக்கும். ஆனால் படகு எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கிற நேரம் அது. படகு வேலையும் தெரிந்த ஆசாரி ஒருவரும் அந்த இரண்டு மாதம் நம் பக்கம் திரும்ப மாட்டார். நாங்கள் தையில் வானம் தோண்டி, பங்குனிக்குள் நிலைகளை இழைத்து வாங்கி வைத்துக்கொண்டோம்.

மரமில்லாத விஷயம் கொஞ்சம்

கிணற்று நீர், போர் நீர் இரண்டும் எங்களிடம் உவர். அதைக் கான்கிரீட்டில் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தின்றுவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், அல்லது நல்ல தண்ணீர் லாரி வாங்கிவிடுங்கள். கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, நனைப்பதற்கு உவர் நீரைப் பீய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். கடற்கரை மணல் ஒரு கூடைகூட உள்ளே வரவிடாதீர்கள், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதும். உப்புக்காற்று நேரே படும் இடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும். கொத்தனார் ஜல்லித் துண்டை அண்டக் கொடுத்து ஒப்பேற்றப் பார்ப்பார், கம்பிக்கு அண்டக் கொடுக்கும் கவர் பிளாக் எண்ணி வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதில் எங்களுக்குள் சண்டை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய பிறகு யாரும் பேசவில்லை, தெருவிலிருந்து மூன்றரை அடி ஏற்றிவிட்டோம். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே கட்டாயம். உவர் பூமியில் அதைக் கட்டாயம் என்று சொல்லவும் வேண்டுமா என்ன.

கடைசியாக ஒன்று. முதல் மழைக்காலத்தில் நல்ல மரக்கதவும் கொஞ்சம் ஊதி, நிலையில் உரசும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தைச் சீவச் சொல்லிவிடாதீர்கள். மாசி வரை தோளால் முட்டித் திறங்கள். பங்குனி வெயிலில் அதுவே சுருங்கி வரும். அதற்குப் பிறகும் எங்கே உரசுகிறதோ, அந்த இடத்தை மட்டும் சாக்கட்டியால் குறித்து வைத்துவிட்டு ஆசாரிக்குப் போன் போடுங்கள். எங்கள் பின்வாசல் கதவில் அப்படிக் குறித்த கோடு இன்னும் இருக்கிறது. ஆசாரி அண்ணன் படகு வேலையில் இருக்கிறார், தடைக்காலம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.